நாலு பேருக்கு ஒரு டென்ட்

ஏப்ரல் 5, 2005. செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். கரண்ட் இல்லை. ஒன்பதாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் கட்டு மேசையில் அப்படியே கிடக்கிறது. தொட மனசில்லை.

காபி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஏ டீச்சரம்மா, லீவு விட்டதும் வெளிநாடு போயிட்டு வருவமா?" என்றார். டம்ளரைக் கீழே போட்டிருப்பேன். கொடைக்கானலுக்குக் கூட்டிப் போய், கடை பூட்டிக் கிடக்குதே என்று சாயங்காலமே எங்களைக் கீழே இறக்கிய மனிதர். பரவையில் இவருடைய உரக்கடை இருக்கிற ரோட்டைத் தாண்டினாலே இவருக்கு வெளிநாடுதான்.

"நெசமாவா?"

"மலேசியா. காட்டுக்குள்ள டென்ட்டு போட்டு வச்சிருக்காய்ங்களாம். கட்டிலு, பாத்ரூமு எல்லாம் உண்டாம். அண்ணன் சொன்னாரு."

அண்ணன் என்றால் இவருடைய பெரிய அண்ணன். செலவில் பாதி அவர் பார்த்துக்கொள்வாராம். ஏன் என்று கேட்க வாய் வந்தது, மென்று விழுங்கிவிட்டேன். கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்ற பயம்.

எனக்கு வேண்டியது மலேசியா இல்லை. இந்த வீட்டில் அப்பாவும் மகளும் பேசி மூன்று மாதம் ஆகிறது. பொங்கலன்று மஞ்சு, "எம்.எஸ்ஸி. முடிஞ்சதும் பெங்களூர்ல ரிசர்ச் பண்ணப் போறேன், இடம் கெடச்சிருச்சு" என்றாள். "யாரக் கேட்டுப் பரிச்ச எழுதுன?" என்றார் இவர். அதோடு சரி. இப்போது "தம்பி, அப்பாட்ட காபி ஆறுதுன்னு சொல்லு", "டேய், ஒங்கக்காவ லைட்ட அமத்தச் சொல்லு" என்றுதான் குடித்தனம் நடக்கிறது. தினேஷ் ப்ளஸ் டூ எழுதி முடித்துவிட்டு இரண்டு பேருக்கும் தபால்காரன் வேலை பார்க்கிறான்.

மஞ்சு என்னிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அப்பா வாயால போயிட்டு வான்னு சொல்லணும்மா. சண்ட போட்டுட்டுப் போக மாட்டேன்." ஜூலையில் சேர வேண்டும். அந்த ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வர வேண்டும். ஒரே டென்ட்டுக்குள் நாலு பேர் அடைந்து கிடந்தால் பேசித்தானே ஆக வேண்டும்.

தினேஷ் கிரிக்கெட் மட்டையோடு, "போறேம்மா." "போறேன்னு சொல்லாதடா. போயிட்டு வாரேன்னு சொல்லு." எத்தனையாவது தடவையோ. மஞ்சுவுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தேன், மறக்க மாட்டாள். இவனுக்கு ஏறவே இல்லை.

பால் கார்டு வாங்க வேண்டும். மிக்ஸி ரிப்பேர்.

ஏப்ரல் 9, சனி

டவுனில் டிராவல்ஸ். நானும் இவரும். ஏசிக்குள் உட்கார்ந்ததும் வெளியே வர மனமில்லை. டிராவல்ஸ் நடத்துகிற பாய் நல்ல மாதிரி.

"ஒக்காருங்கக்கா. வயசுப் பிள்ளைகளோட போறதுக்கு டென்ட்டுதான் பெஸ்ட்டு. ஓட்டல்னா ஆளுக்கொரு டிவி போட்டுக்கிட்டு ஒக்காந்துரும். டென்ட்டுல டிவி கெடையாது. பேசித்தான் தீரணும்."

தனக்கே தெரியாமல் பாய் என் வயிற்றில் பால் வார்த்தார். வழவழ தாளில் படம் போட்ட புத்தகங்கள் மூன்று கொடுத்தார். பாஸ்போர்ட் நாலு பேருக்கும் மாசியிலேயே எடுத்து வைத்திருக்கிறார் இவர், "எதுக்கும் இருக்கட்டும்" என்று. அப்போது கேலி பண்ணினேன்.

திரும்பும்போது ஸ்கூட்டர் காளவாசல் சிக்னலில் நின்றதும், "எதுன்னாலும் சீக்கிரமா பாத்துச் சொல்லு" என்றார்.

ஏப்ரல் 10, ஞாயிறு

ஆட்டுக்கறி. சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகங்களைப் பாயில் பரப்பி உட்கார்ந்தோம். இவரும் ஈசிசேரில் இருந்தார். எழுந்து போகவில்லை.

ஆற்றங்கரை டென்ட்: சுற்றிக் காடு. ராத்திரியில் பூச்சி பார்க்கக் கூட்டிப் போவார்கள். மஞ்சுவுக்கு இதுதான். தாவரவியல்காரிக்குக் காட்டைக் காட்டினால் சோறு வேண்டாம்.

தீவு: கடலோரம், படகு, மீன் பார்க்கிற கண்ணாடி. தினேஷ் இதைவிட்டு நகரவில்லை. இத்தனைக்கும் கிணற்றில்கூட இறங்கப் பயப்படுகிறவன்.

மலை: குளிர். டென்ட்டுக்குள் கட்டில், கம்பளி. வாசலில் மரமேசை, நாலு நாற்காலி. அந்த நாலு நாற்காலியில் என் கண் ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். "அட்டை கடிக்கும்டி ஆத்துல." "ஒன்னத்தான் சுறா கடிக்கும்." இவர் ஈசிசேரிலிருந்து, "மலைதான்" என்றார். "அங்க பெரிய டென்ட்டு ஒண்ணு தனியா இருக்காம். அம்பது பேரு ஒக்காரலாம்."

"நாலு பேருக்கு எதுக்குங்க அம்பது பேர் டென்ட்டு?"

"மழ கிழ வந்தா?"

இந்த ஊர்க்காரருக்கு மழையைப் பற்றிக் கவலை. சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

பாத்திரம் துலக்கும்போது மஞ்சு வந்தாள். "மலையே இருக்கட்டும்மா. அப்பா ஒண்ணு கேட்டு எம்புட்டு நாளாச்சு." ஆசைப்பட்ட ஆற்றை விட்டுக்கொடுத்துவிட்டாள். அப்பனைப் போலப் பிடிவாதக்காரி, அவளே இறங்கி வருகிறாள். கண் கலங்கிவிட்டது. சாமியறையில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 14, வியாழன். சித்திரை ஒன்று

பேசிவிட்டார்!

இலையில் மாங்காய்ப் பச்சடி வைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சு எதிரே. நேராக அவளைப் பார்த்து, "ஒனக்குத் தனி டென்ட்டு வேணுமா ஆத்தா?" என்றார். ஆத்தா. தினேஷ் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் என்னைப் பார்க்கிறான்.

மஞ்சு கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தாள். "வேணாம்ப்பா. எல்லாரும் ஒண்ணாவே இருப்போம்."

"ம்."

அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை. பச்சடியைத் தொடவும் இல்லை. கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம். இன்றைக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஏப்ரல் 18, திங்கள்

தலைவலி. தலைமையாசிரியர் கூட்டம் போட்டு அறுத்தார்கள். விடைத்தாள் இன்னும் முடியவில்லை.

எரிச்சல். இவர் ஹாலில் போனில் பேசியது அடுக்களைக்குக் கேட்டது. "மாப்ள குடும்பத்தோட அங்க வந்துருவாப்ள. பக்கத்து டென்ட்டுதான். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

ஆக, ராஜேந்திரன் அண்ணன் குடும்பமும் வருகிறது. இவருக்குக் காலேஜிலிருந்தே கூட்டாளி, பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி. ஒருத்தரை ஒருத்தர் மாப்ள, மாப்ள என்று ஊரைக் கூட்டுவார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வந்தால் இவர் அவரோடு சீட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார், மகளோடு எங்கே பேசுவார்? நாலு நாற்காலி போச்சு. எனக்கு ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன?

மஞ்சுவிடம் புலம்பினேன். "வரட்டும்மா. ராணி அத்தை இருந்தா சிரிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்கிறாள். இந்தப் பெண் எதற்கும் சந்தோஷப்படுகிறாள் இப்போது.

ஏப்ரல் 20, புதன்

எடுத்து வைக்க வேண்டியவை: டார்ச், கொசுவத்தி, ஸ்வெட்டர் (யாரிடம் இருக்கிறது? கேட்க வேண்டும்), புளியோதரைப் பொடி, தலைவலித் தைலம், தினேஷுக்கு நல்ல செருப்பு.

இவர் சொன்னது: "மஞ்சுக்கு அந்த அரக்குப் பட்ட எடுத்து வையி. ஒன் நெக்லசையும் எடுத்துக்க."

"டென்ட்டுக்குப் பட்டாங்க?"

"அங்க கோயிலு இருக்கு."

கோயில் எங்கேதான் இல்லை. எடுத்து வைத்தேன். அந்துருண்டை வாசம் போக வெயிலில் காயப் போட்டேன். இன்றைக்குக் கடைசிப் பரீட்சைக்கு முந்தினதை எழுதிவிட்டு வந்த மஞ்சு, கொடியில் புடவையைப் பார்த்துவிட்டு, "கரடி வந்தா இதக் காட்டி வெரட்டவா?" என்கிறாள்.

ஏப்ரல் 22, வெள்ளி

திருவிழாக் கூட்டம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பரவைக்குப் போனேன், ராஜேந்திரன் அண்ணன் வீட்டுக்காரி ராணி மதினியைப் பார்க்க. ஸ்வெட்டர் விஷயமாகவும், யார் என்ன சமைத்து எடுத்து வருவது என்று பேசவும். மண்டியில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

"மதினி, நீங்க ஊறுகா கொண்டாங்க, நான் பொடி வகையெல்லாம் பாத்துக்கிறேன்" என்றேன்.

"எங்கிட்டுக் கொண்டார?"

"மலேசியாவுக்குத்தான்."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. "ஏங்க, இங்க வாங்க! நம்ம மலேசியா போறமாம்ல. டீச்சரு சொல்லுது." ராஜேந்திரன் அண்ணன் துண்டை உதறிக்கொண்டே வந்தார். "அட ஏந்தங்கச்சி, எனக்கு ரேசன் கார்டத் தவிர ஒண்ணும் கெடையாது. பாஸ்போட்டுக்கு எங்கிட்டுப் போக? அவன் எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே." சொல்லிவிட்டு முகம் வாடிவிட்டது அவருக்கு. கூட்டாளி மறைத்துவிட்டானே என்று.

நானும் சிரித்து வைத்தேன். டீ குடித்தேன். பஸ் ஏறினேன். சமாளித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

வந்துருவாப்ள.

ராஜேந்திரன் அண்ணனை இவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. "மாப்ள வாரான், மாப்ள போறான்" என்பார். வாராப்ள, போறாப்ள என்று மரியாதை வைத்துப் பேசுகிற மாப்பிள்ளை வேறு. பெண் கட்டப் போகிற மாப்பிள்ளை.

பசுமலைப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக விகுதி நடத்துகிறேன். சொல்லின் கடைசியைப் பார், அதில்தான் ஆள் யார் என்று இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை போனது. என் வீட்டு ஹாலில் சொன்ன சொல்லின் கடைசி எனக்குக் கேட்கவில்லை. தூ.

பட்டு. நெக்லஸ். கோயில். அம்பது பேர் டென்ட்.

ஏப்ரல் 23, சனி

பிள்ளைகள் வீட்டில் இல்லை. கடைக்குக் கிளம்பியவரை வாசலில் மறித்துக் கேட்டேன். மறுப்பார் என்று ஒரு நப்பாசை. மறுக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார்.

பெரிய அண்ணன் பார்த்த சம்பந்தம். நம்மாட்கள்தான், அங்கே போய் மூன்று தலைமுறை. லாரி ஓடுகிறது சொந்தமாக. டென்ட்டில் இரண்டு நாள் எல்லாரும் பழகுவது. பெரிய டென்ட்டில் பூ வைப்பது. மே ஆறு, வெள்ளிக்கிழமை கோயிலில் தாலி. நாங்கள் மூன்று பேர் திரும்பி வருவது.

"மஞ்சுகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா என்ன சொல்லும்னு தெரியும்ல. அதான் கேக்கல."

"அதுக்கு ஏங்க அம்புட்டு தூரம்? இங்கயே பேசலாம்ல?"

"இங்கன்னா பிரண்டு, புரபசரு, போலீசு ஸ்டேசன்னு ஓடிரும். அங்க எங்கிட்டு ஓடும்? சுத்திக் காடு." அதைச் சொன்னபோது குரல் உயரவே இல்லை. உரம் எத்தனை மூட்டை வந்தது என்று சொல்கிற குரல். "ஒனக்கும் அதான் சொல்லல. நீ மூஞ்சியில காட்டிருவ."

காலில் விழவா என்று கேட்டேன். விழுந்தும் விட்டேன். தூக்கி உட்கார வைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

"இந்தா பாரு. அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு. பொட்டப்பிள்ள தனியா பெங்களூர் போச்சுன்னா நாளைக்கு எவனையாச்சும் கூட்டிட்டு வந்து நிக்கும்ங்கிறாரு. மஞ்சு இத மீறிப் போச்சுன்னா, அண்ணனும் அவரு பயலுகளும் என்ன செய்வாய்ங்கன்னு எனக்கே தெரியாது. என்னால தடுக்க முடியாது. பிள்ள உசுரோட இருக்கணும்னுதான் இதச் செய்றேன், புரிஞ்சுக்க."

ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். குழாயில் தண்ணீர் வந்து குடம் நிரம்பி வழிந்து, அடுக்களை முழுக்க ஈரம்.

ஏப்ரல் 26, செவ்வாய்

மூஞ்சியில் காட்டவில்லை. சமைக்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். இவரோடும் பேசுகிறேன், உப்பு போதுமா, சட்டை எங்கே என்று. இவருக்கு நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைப்பு. நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அந்த நிம்மதியைப் பார்த்தால் தட்டைப் பிடுங்கி எறியலாம் போல் வருகிறது.

மஞ்சுவுக்கு வியாழக்கிழமை கடைசிப் பரீட்சை. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. அதுவரை நான் நடித்தாக வேண்டும்.

இன்று ஒரு டார்ச் வாங்கி வந்திருக்கிறாள், அவள் காசில். "அப்பாக்கும்மா. ராத்திரி டென்ட்ட விட்டு வெளிய வந்தா இருட்டுல தடுக்கி விழுந்துருவாருல்ல." அதை வாங்கி பேக்கில் வைத்தேன்.

ஏப்ரல் 29, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வீட்டில் வைத்துச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னேன், ரிசல்ட் வேலைக்கு உதவி வேண்டும் என்று. லீவு விட்ட வகுப்பறை. முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், பெரியப்பா மகன்கள் வரைக்கும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெஞ்சில் எவளோ காம்பஸால் கீறி வைத்த பேரை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப, தனி டென்ட்டு வேணுமான்னு கேட்டாருல்ல. அது நெசமாவே கேட்டதா?"

எனக்குத் தெரியாது. கூச்சமா, குற்றமா, அதுவும் ஏற்பாட்டில் ஒரு பகுதியா, இன்று வரை தெரியாது. "நெசந்தான்டி" என்றேன். அப்புறம்தான் அழுதாள்.

பெங்களூரில் சீனியர் ஒருத்தி வீடு எடுத்திருக்கிறாள். துறையில் மே மாதமே வந்து வேலையைத் தொடங்கலாம் என்றும் சொல்லியிருந்தார்களாம். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வரட்டும் என்று இவள்தான் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

"அவரு சொல்ல மாட்டாரும்மா, இல்ல?"

"சொல்ல மாட்டாரு."

திங்கள் காலை. ஆரப்பாளையத்தில் சேலம் பஸ், சேலத்தில் பெங்களூருக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

மே 1, ஞாயிறு

தினேஷிடம் சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் "அப்ப டூர் கேன்சலா?" என்று கத்தினான். அறையலாம் என்று கை ஓங்கினேன். கை ஓங்கின பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. அக்கா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

மலேசியாவுக்குக் கட்டி வைத்த பையையே மஞ்சு எடுத்துப் போகட்டும். பட்டையும் நெக்லசையும் வெளியே எடுத்தேன். நெக்லசைத் திரும்ப உள்ளே போட்டேன். ஸ்வெட்டர் இருக்கட்டும். புளியோதரைப் பொடி இருக்கட்டும். டார்ச்சை அவளே எடுத்து இவர் மேசையில் வைத்துவிட்டாள்.

மே 2, திங்கள்

வெயில். இவர் கடைக்குப் போனதும் கிளம்பினோம். தினேஷ் பையைத் தூக்கி வந்தான், தெரு முனை வரைக்கும். யாராவது பார்த்துச் சொன்னால் பழி என்மேல் மட்டும் விழட்டும் என்று அவனைத் திருப்பி அனுப்பினேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் உறைத்தது. சேலம் பஸ் பரவை வழியாகத்தான் போகும். கடை ரோட்டைப் பார்த்த மாதிரி.

"ஜன்னல் பக்கம் ஒக்காராத. இந்தப் பக்கம் மாறு."

"வேணாம்மா. ஒரு தடவ பாத்துக்கிறேன்."

கண்டக்டர் விசில். கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் கையை வைத்தாள். "போயிட்டு வாரேம்மா."

பழக்கம். நான் அடித்துச் சொல்லிக் கொடுத்தது.

"வாரேன்னு சொல்லாத. இனி இங்க வராத. போறேன்னு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். பஸ் நகர்ந்தது. பின்னாலேயே நாலு எட்டு ஓடினேன். அந்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாளா, இல்லையா, ஒன்றும் கேட்கவில்லை. ஹாரன் சத்தம்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். கத்தரிக்காய். ரசம். நாலு பேருக்கு அரிசி போட்டிருக்கிறேன், கை தானாகப் போட்டுவிட்டது.

மத்தியானம் இவர் வந்தார். நல்ல மனநிலை. கை கழுவிக்கொண்டே சொன்னார்: "காலைல கடைக்கு எதுத்தாப்ல ஒரு பஸ்சு ஸ்லோவாச்சு. ஜன்னல்ல நம்ம மஞ்சு மாதிரியே ஒரு பிள்ள. கையக் காட்டுச்சு. யாரு பெத்த பிள்ளையோன்னு நானும் காட்டிட்டேன்." சிரித்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எங்க அவ? சாப்பிடக் கூப்பிடு."